உழவரிடம் பாடம் படித்த விஞ்ஞானி: அல்பேர்ட் ஹவார்டும் நமது தோட்டங்களும்

1937 நவம்பர் முதல் 1938 பெப்ரவரி வரை ஓர் ஓய்வுபெற்ற ஆங்கிலேய விஞ்ஞானி இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலைத் தோட்டங்களைச் சுற்றிப் பார்த்தார். அந்தப் பயணத்தின்போதுதான் அவருக்கு அறுபத்து நான்கு வயது நிரம்பியது. ஏல விலையையும் தொழிற்சாலை இயந்திரங்களையும் விட அவருடைய கவனம் தரையில்தான் இருந்தது. கவ்வாத்து வெட்டிய குச்சிகள் என்னவாகின்றன, மாட்டுச் சாணம் எங்கே போகிறது, நிழல் மரங்களின் சருகு மண்ணோடு சேர்கிறதா அல்லது மழையில் கானோடு ஓடிவிடுகிறதா என்பவைதான் அவருக்கு முக்கியமான கேள்விகள். தேயிலையின் நுண்வேர்கள் இங்கிலாந்தில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராயப்படவும் அவர் ஏற்பாடு செய்தார். அவர் பெயர் சேர் அல்பேர்ட் ஹவார்ட்.

இயற்கை விவசாயம் என்று இன்று உலகம் முழுக்கப் பேசப்படுவதற்கு முன்னோடிகளில் ஒருவர் என்று புத்தகங்கள் அவரைச் சொல்லும். எனக்கு அவர் மீது அக்கறை வந்தது வேறொரு காரணத்தால். கேகாலை, இரத்தினபுரி மாவட்டங்களில் தோட்டத்தை ஒட்டிச் சிறு துண்டு நிலங்களில் பயிர் செய்கிறவர்களுக்குக் கலப்புப் பயிர்ச்செய்கை பற்றி இப்போது அடிக்கடி பயிற்சி நடக்கிறது. காலநிலை மாறிவிட்டது, மழை முன்போல் வருவதில்லை, ஒரே பயிரை நம்பாதீர்கள் என்கிறார்கள். சொல்வது சரிதான். ஆனால் இந்த அறிவு எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் பிறந்து எங்கள் லயத்து வாசலுக்கு வந்து சேர்ந்ததைப் போலச் சொல்லப்படுகிறபோது எனக்கு ஹவார்டின் ஞாபகம் வருகிறது. அவருடைய கதை நேர் எதிர்த் திசையில் போகிறது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர்களிடமிருந்து கேம்பிரிட்ஜ் படித்த ஒருவர் கற்றுக்கொண்ட கதை அது.

ஹவார்ட் 1873 டிசம்பர் 8ஆம் திகதி, இங்கிலாந்தின் ஷ்ரொப்ஷயர் பகுதியில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். லண்டனில் படித்து, பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் சென் ஜோன்ஸ் கல்லூரிக்குப் போனார். அவர் அங்கே படித்த காலத்தில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர் ஹரி மார்ஷல் வோர்ட். இலங்கை வாசகர் இந்தப் பெயரை ஒரு கணம் நின்று கவனிக்க வேண்டும். 1869இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் இலைத்துரு நோய் கண்டுபிடிக்கப்பட்டது. பத்து ஆண்டுகளில் அது மலையெங்கும் பரவிவிட்டது. காரணம் கண்டறியும்படி காலனித்துவ அரசு 1880இல் இங்கே அனுப்பிய இளைஞர்தான் வோர்ட். அவர் நோயை உண்டாக்கும் பூஞ்சணத்தின் வாழ்க்கையை விளக்கினார். இடைவெளி இல்லாமல் மலை மலையாக ஒரே பயிரை நட்டது நோய்க்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பதையும் சுட்டிக்காட்டினார். மருந்து எதையும் அவரால் தர முடியவில்லை. கோப்பி அழிந்தது, தேயிலை வந்தது. கோப்பிக்காகத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட நம் முன்னோர் தேயிலைக்கும் பின்னர் இறப்பருக்கும் மாற்றப்பட்டார்கள். ஒரே பயிரின் ஆபத்து என்பது நமக்குப் புதிய பாடம் அல்ல. அந்த ஆபத்தின் விளைவைச் சுமந்துதான் நாம் இங்கே இருக்கிறோம்.

1899இல் ஹவார்ட் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். பார்படோஸைத் தளமாகக் கொண்ட விவசாயத் திணைக்களத்தில் பூஞ்சண நோய் ஆய்வாளர் வேலை. கரும்பு நோய்களை ஆய்வுகூடத்தில் பார்த்துத் தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்ல வேண்டும். அங்கேதான் ஓர் உறுத்தல் அவருக்குத் தொடங்கியது. தான் சொல்லும் ஆலோசனையைத் தானே நட்டுப் பார்க்க ஒரு துண்டு நிலமும் அவருக்கு இல்லை. தன் கையால் விளைவித்துப் பார்க்காத ஒன்றை இன்னொருவனிடம் செய் என்று எப்படிச் சொல்வது? இந்தக் கேள்வி கடைசிவரை அவரை விடவில்லை. விவசாய உத்தியோகத்தர்களில் எத்தனை பேரை இன்று இந்தக் கேள்வி உறுத்துகிறது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசைதான்.

இங்கிலாந்துக்குத் திரும்பி வை கல்லூரியில் சில காலம் இருந்துவிட்டு, 1905இல் இந்தியாவுக்கு வந்தார். பீகாரின் பூசாவில் புதிதாக அமைக்கப்பட்ட விவசாய ஆய்வு நிலையத்தில் தாவரவியலாளர் பதவி. கோதுமை இனங்களை மேம்படுத்துவது அவருடைய வேலை. அதை அவர் நன்றாகவே செய்தார். பூசா 4, பூசா 12 என்ற கோதுமை இனங்கள் வட இந்தியாவில் பரவலாகப் பயிரிடப்பட்டன. அவருடைய உத்தியோக வாழ்க்கைக்கு அந்தப் புகழே போதுமானது.

ஆனால் பூசாவில் முக்கியமான விஷயம் வேலிக்கு வெளியே இருந்தது. சுற்று வட்டாரத்து உழவர்களின் வயல்களில் நோயும் பூச்சியும் மிகக் குறைவாக இருப்பதை ஹவார்ட் கவனித்தார். அவர்களிடம் மருந்தும் இல்லை, தெளிகருவியும் இல்லை, வாங்கிய உரமும் இல்லை. இது ஏன் என்று தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் அவர்கள் செய்வதைப் பார்த்து அப்படியே செய்துபார்ப்பதுதான் வழி என்று முடிவு செய்தார். உழவர்களையும் பயிரைத் தாக்கும் பூச்சிகளையும் தன் பேராசிரியர்களாக வைத்துக்கொண்டதாகப் பின்னாளில் அவரே எழுதினார். பூச்சி வந்தால் அதைக் கொல்வதற்கு முன்பு, இந்த இடத்தில் இந்தப் பயிர் ஏன் நலிந்தது என்று பூச்சி சொல்லும் செய்தியைக் கேட்க வேண்டும் என்பது அவருடைய முறை. ஐந்து வருடத்தில், பூச்சியியலாளர், நோயியலாளர் உதவி எதுவும் இல்லாமல் நல்ல விளைச்சல் எடுக்கக் கற்றுக்கொண்டதாக அவர் சொன்னார்.

அவர் கற்றுக்கொண்டவற்றில் முதன்மையானது கலப்புப் பயிர். வட இந்திய உழவர் தானியத்தைத் தனியாக விதைப்பது அரிது. கோதுமையோடு கடலை, சோளத்தோடு துவரை. துவரையின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. சோளம் வேகமாக வளர்ந்து மேலே போகும்போது துவரை பொறுமையாகக் கீழே நிற்கும். அதன் வேர் மட்டும் ஆழமாக இறங்கிக்கொண்டிருக்கும். சோளத்தை அறுத்ததும் வெளிச்சமும் இடமும் துவரைக்குக் கிடைக்கும். அப்போது அது படர்ந்து விளையும். அதன் இலை உதிர்ந்து மண்ணுக்கு உணவாகும், வேர்முடிச்சுகள் மண்ணில் நைதரசனைச் சேர்க்கும். ஒரே நிலத்தில் இரண்டு அறுவடை, இரண்டு விதமான வேர், இரண்டு விதமான ஆபத்துக் காப்பு. ஒரு மழை பொய்த்தால் ஒன்று போகும், மற்றது நிற்கும். அவரைக்கு முன்னால் வந்த பல அதிகாரிகள் இதை ஒழுங்கற்ற, பின்தங்கிய முறையாகவே பார்த்தார்கள். வரிசை பிடிக்காத வயலுக்குள் இருந்த கணக்கை ஹவார்ட் கண்டுகொண்டார்.

கண்டுகொண்டவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. 1905இல் அவர் திருமணம் செய்துகொண்ட கப்ரியேல் மத்தாய் ஒரு தாவரவியலாளர். கேம்பிரிட்ஜில் பிளாக்மன் என்ற அறிஞரோடு சேர்ந்து ஒளித்தொகுப்பைப் பற்றி அவர் செய்த ஆய்வு இன்றும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. பூசாவில் பல ஆண்டுகள் கணவனும் மனைவியும் சேர்ந்தே உழைத்தார்கள். கப்ரியேலுக்கு உத்தியோகபூர்வப் பதவி கிடைக்கச் சில ஆண்டுகள் ஆயின. கட்டுரைகளில் இருவர் பெயரும் இருக்கும். இன்றைய உலகத்துக்கு ஒருவரின் பெயர்தான் ஞாபகம் இருக்கிறது.

பூசாவில் அவர் வளர்த்த வேலை மாடுகளைப் பற்றிய கதை அவருடைய எழுத்தில் பலமுறை வருகிறது. அயல் பண்ணையில் கோமாரி நோய் பரவியபோது, நன்றாகத் தீனி போட்டு வளர்த்த தன் மாடுகள் நோயுற்ற மாடுகளோடு வேலிக்கு மேலால் மூக்கோடு மூக்கு உரசியும் நோய் தொற்றவில்லை என்று சொன்னார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தயக்கம் வரும். ஆறு சோடி மாட்டை வைத்து ஒரு பொது விதி சொல்லிவிட முடியாது. அவருடைய வாழ்க்கையில் நெடுக இருக்கும் பலவீனம் இது. கண்ணால் கண்டதில் அவருக்கு இருந்த நம்பிக்கை அபாரமானது. சில இடங்களில் அது அவரை மற்றவர்கள் காணாததைக் காண வைத்தது. சில இடங்களில் அது அவரை அளவுக்கு மீறிப் பேச வைத்தது.

பூசாவில் அவருக்குச் சலிப்பு வந்தது. பயிர் ஒரு பிரிவு, மண் ஒரு பிரிவு, பூச்சி ஒரு பிரிவு, மாடு ஒரு பிரிவு என்று ஆய்வு நிலையம் அறை அறையாகப் பிரிந்து கிடந்தது. உழவனின் நிலத்தில் இவை எல்லாம் ஒன்றாகத்தான் இருக்கின்றன என்று அவர் சொன்னது சக அதிகாரிகளுக்குப் பிடிக்கவில்லை. எனவே தாமே பணம் திரட்டினார். மத்திய இந்தியச் சமஸ்தானங்களின் உதவியோடும் இந்தியப் பருத்திக் குழுவின் உதவியோடும் 1924இல் இந்தூரில் தாவர ஆய்வு நிறுவனம் தொடங்கியது. நிலத்தை இந்தூர் சமஸ்தானம் தந்தது, ஏறக்குறைய 300 ஏக்கர். கடைசியில் ஹவார்டுக்குத் தன் ஆலோசனையைத் தானே நட்டுப் பார்க்க ஒரு நிலம் கிடைத்தது.

இந்தூரில் அவர் உருவாக்கிய கூட்டெரு முறைதான் அவர் பெயரை உலகுக்குக் கொண்டுபோனது. கிராமத்தில் கிடைக்கிற எந்தக் குப்பையும் வீணாகக் கூடாது. பயிர்த்தட்டை, களை, இலை, கரும்புச் சோகை ஆகியவற்றை மாட்டுத் தொழுவத்தில் பரப்பி, சாணமும் மூத்திரம் ஊறிய மண்ணும் சேர்த்து, கொஞ்சம் சாம்பல் தூவி, அடுக்கடுக்காகக் குழியில் போட வேண்டும். ஈரம் வேண்டும், காற்றும் வேண்டும். ஒன்று கூடினால் மற்றது குறையும், அதனால் சில வாரத்துக்கு ஒருமுறை புரட்டிப் போட வேண்டும். மூன்று மாதத்தில் கறுத்த, உதிரியான, மண்வாசனை வீசும் எரு தயார். கடையில் வாங்க வேண்டியது ஒன்றுமில்லை. ஓர் ஏழை உழவன் தன் மாட்டையும் தன் குப்பையையும் கொண்டு செய்ய முடியாத எதையும் சிபாரிசு செய்வதில்லை என்பதில் ஹவார்ட் உறுதியாக இருந்தார். அயல் சமஸ்தானங்களிலிருந்து ஆட்கள் வந்து செய்முறையைப் பார்த்துப் பழகிப் போனார்கள். பயிற்சி என்பது அவருக்குக் குழிக்குப் பக்கத்தில் நிற்பதுதான்.

இதில் ஒரு சொல்லும் சொல்லாமல் விடக்கூடாத பெயர் யஷ்வந்த் வாட். இந்தூரில் ஹவார்டோடு வேலை செய்த இந்திய இரசாயனவியலாளர். 1931இல் வெளிவந்த விவசாயக் கழிவுகள் பற்றிய நூலில் இருவர் பெயரும் உண்டு. பின்னர் வந்த நூல்கள் ஹவார்ட் பெயரில் மட்டுமே புகழ் பெற்றன. வாட் பெயரை இன்று இயற்கை விவசாயக் கூட்டங்களில் கேட்பது அபூர்வம். பூசாவைச் சுற்றியிருந்த உழவர்களின் பெயர்களோ எந்த நூலிலும் இல்லை.

இந்தூரைப் பற்றி இன்னொன்று. தோட்டத்து வாசகர்களுக்கு எருவை விட இது முக்கியமாகப் படலாம். ஹவார்ட் தன் நிறுவனத்தில் வேலை செய்த கூலித் தொழிலாளர்களைப் பற்றித் தனியாக எழுதினார். சம்பளம் தவறாமல் சரியான நாளில் கொடுக்கப்பட வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், நல்ல குடியிருப்பும் மருத்துவமும் வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். மண்ணை நன்றாக வைத்துக்கொள்வதும் மண்ணில் வேலை செய்கிறவனை நன்றாக வைத்துக்கொள்வதும் அவருக்கு ஒரே கணக்கின் இரண்டு வரிகள். அவர் புரட்சிக்காரர் அல்லர். ஆட்சியின் ஊழியர், பின்னாளில் சேர் பட்டம் பெற்றவர். அது நல்ல விளைச்சலுக்கான நிர்வாகம் என்றுதான் அவர் நினைத்தார். அப்படி நினைத்த நிர்வாகமே அரிதாக இருந்த காலம் அது. காலைப் பெரட்டில் பேர் கொடுத்துவிட்டு அரை நாள் பேருக்கும் முழு நாள் பேருக்கும் இன்றும் வாதாடுகிறவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

1930இல் கப்ரியேல் இறந்தார். அடுத்த ஆண்டு ஹவார்ட் ஓய்வு பெற்று நாடு திரும்பினார். கப்ரியேலின் தங்கை லூயிஸை மணந்தார். 1934இல் சேர் பட்டம். ஓய்வுபெற்ற காலத்தை ரோசாச் செடி வளர்த்துக் கழித்திருக்கலாம். ஆனால் இந்தூர் முறை அதற்குள் தானாகவே பயணம் போய்விட்டிருந்தது. கென்யாவின் கோப்பித் தோட்டங்களிலும் வட இந்தியாவின் தேயிலைத் தோட்டங்களிலும் குழிகள் வெட்டப்பட்டன. டுவார்ஸ் பகுதியின் கந்த்ராபாரா தோட்டத்தை அவர் அடிக்கடி உதாரணம் காட்டினார். 1937-38 பயணம் இந்த ஆர்வத்தின் தொடர்ச்சிதான்.

அந்தப் பயணத்திலிருந்து அவர் எடுத்துச் சென்ற முடிவு, தேயிலை ஒரு காட்டுச் செடி என்பது. காட்டில் எந்த மரமும் தனியாக நிற்பதில்லை. மேலே உயர்ந்த மரம், நடுவில் சிறு மரம், கீழே செடி, தரையில் சருகுப் படுக்கை, அதற்குள் பூஞ்சண இழைகள். தேயிலையின் வேரோடு ஒரு வகைப் பூஞ்சணம் உறவு வைத்திருப்பதை வேர்ப் பரிசோதனை காட்டியது. மண்ணில் மக்கு இருந்தால் அந்த உறவு செழிக்கும் என்று அவர் வாதாடினார். 1940இல் வந்த அவருடைய விவசாய நூல் காட்டையே முதல் ஆசிரியராக வைத்துத் தொடங்குகிறது. இயற்கை ஒருபோதும் ஒரே பயிரை நடுவதில்லை, மிருகம் இல்லாமல் விவசாயம் செய்வதில்லை, வெறும் மண்ணை மழைக்குக் காட்டுவதில்லை என்பது அதன் சாரம்.

கேகாலையில் இருப்பவர்களுக்கு இந்தக் காட்டைத் தேடிப் போக வேண்டியதில்லை. எட்டியாந்தோட்டை, ருவன்வெல்ல, மாவனெல்லைப் பக்கத்துச் சிங்களக் கிராமங்களின் வீட்டுத் தோட்டத்தைப் பாருங்கள். தென்னையும் கமுகும் மேலே. பலாவும் ஈரப்பலாவும் நடுவில். மரத்தில் ஏறிய மிளகு, ஓரத்தில் கராம்பு, கீழே வாழை, கோப்பி, இஞ்சி, மஞ்சள், கிழங்கு. பல நூறு ஆண்டுகளாக இருக்கிற முறை. அதன் வேலிக்கு அந்தப் பக்கம் தோட்டம் தொடங்குகிறது, ஒரே பயிர், ஒரே உயரம். இரண்டுக்கும் ஒரே மழைதான். இரத்தினபுரியில் வருடத்துக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டும். சருகு மூடிய நிலத்தில் அது இறங்கும், வெறும் சரிவில் அது மண்ணையும் கூட்டிக்கொண்டு ஓடும். இந்த மண் ஓட்டம் 1930களிலேயே பெரிய பிரச்சினையாகப் பேசப்பட்டது. 1951இல் மண் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவிலும் புளத்கொஹுபிட்டியவிலும் மலை சரிந்து வந்தது. புளத்கொஹுபிட்டியவில் மண்ணுக்குள் போனவை லயத்துக் காம்பிராக்கள். மறு வருட மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் சரிவிலும் தத்தளித்தது. நிலச்சரிவுக்குப் பயிர் மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை. பாறையின் அமைப்பு, வெட்டிய வீதி, அடைபட்ட கான் என்று பல உண்டு. ஆனால் ஆழமான வேர் உள்ள மரங்கள் இல்லாத சரிவில் வீடு வைத்திருப்பவர் யார் என்பதை மட்டும் பாருங்கள்.

ஹவார்டின் திட்டத்தில் ஓர் ஓட்டை உண்டு. அது நம் அடுப்படியில்தான் தெரியும். கவ்வாத்து வெட்டிய மலையில் கிடக்கும் குச்சிகள் அவருக்கு எருக்குழிக்குப் போக வேண்டிய கழிவு. நமக்கு அது மிலாறு. மழை நாளில் அடுப்பு எரிவதற்கு அதுதான் விறகு. எங்கள் அம்மா கவ்வாத்து முடிந்த மறுநாள் மலைக்குப் போய்க் கட்டுக்கட்டாகச் சுமந்து வந்து அடுப்புக்கு மேல் பரணில் அடுக்குவார். எவர் மொழியிலும் அவரிடம் போய் அது மண்ணுக்குச் சொந்தம் என்று சொல்லியிருக்க முடியாது. கழிவு என்று ஒன்று கிடையாது என்றவர் ஹவார்ட். அது உண்மை, அவர் எண்ணியதை விடவும் உண்மை. தோட்டத்தில் வீசப்படும் எல்லாவற்றுக்கும் ஏற்கெனவே ஓர் ஏழை உரிமையாளர் இருக்கிறார். மண்ணுக்கு எரு வேண்டுமென்றால் முதலில் அந்த அடுப்புக்கு வேறு விறகு வேண்டும்.

இந்த இடத்தில் இலங்கையர் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர், பொறியியலாளர். 1950களில் இரண்டு சக்கர உழவு இயந்திரத்தை வடிவமைத்தவர். பிறகு, வெப்ப நாட்டு மண்ணை இப்படி உழுவதே சரியா என்று தன் கண்டுபிடிப்பையே சந்தேகித்தார். நைஜீரியாவில் ஆய்வு செய்துவிட்டு இலங்கை திரும்பி, சரிவு நிலத்தில் சம உயரக் கோட்டில் கிளிரிசீடியாவை வரிசையாக நடும் முறையை 2010இல் இறக்கும் வரை வலியுறுத்தினார். அந்த மரம் மண்ணைப் பிடிக்கும், இலை பசளையாகும், ஆட்டுக்கும் மாட்டுக்கும் தீனியாகும், கொப்பு விறகாகும், தண்டில் மிளகு ஏறும். என் அம்மாவின் பரணுக்கும் ஹவார்டின் குழிக்கும் இடையிலுள்ள சண்டையை ஓரளவு தீர்க்கக்கூடியது இந்த ஒரு மரம்தான் என்று எனக்குத் தோன்றும்.

ஹவார்டின் கடைசி ஆண்டுகள் சண்டையில் கழிந்தன. பொட்டலத்தில் வரும் நைதரசன், பொஸ்பரஸ், பொட்டாசியம் ஆகிய மூன்றையும் மட்டுமே மண்ணின் தேவையாகப் பார்க்கும் மனப்போக்கை அவர் கடுமையாகத் தாக்கினார். ஆய்வு நிலையங்களின் சிறு சிறு பாத்திப் பரிசோதனைகளைக் கேலி செய்தார். பதிலுக்கு விஞ்ஞானிகள் அவரிடம் ஆதாரம் கேட்டார்கள். பயிர், மிருகம், மனிதன் எல்லோருடைய நோய்க்கும் மண்ணில் மக்கு இல்லாததே மூலம் என்கிற அளவுக்கு அவர் போனபோது, கேட்டவர்கள் பக்கமும் நியாயம் இருந்தது. நீலகிரியின் குன்னூரில் மனித ஊட்டச்சத்தை ஆராய்ந்த ரொபர்ட் மக்கரிசனின் வேலையை அவர் துணைக்கு அழைத்துக்கொண்டார். இங்கிலாந்தில் 1946இல் மண் சங்கம் தொடங்கப்பட்டபோது அதிலும் அவர் சேரவில்லை, தனியாக ஒரு சஞ்சிகை நடத்தினார். 1947 ஒக்டோபர் 20ஆம் திகதி லண்டனில் காலமானார். இந்தியாவில் அவர் செய்த வேலையைப் பற்றி லூயிஸ் எழுதிய நூல் 1953இல் வந்தது.

அவருடைய அளவுமீறல்களைத் தள்ளிவிட்டு எஞ்சியதைப் பார்த்தால், அது அவசரத்துக்கு நேர் எதிரானது. உழவரிடம் படித்த ஆண்டுகள், மாடு, குழி, புரட்டும் கைகள், அடுத்த பருவம்வரை காத்திருக்கும் பொறுமை. 2021 மே மாதம் இலங்கை அரசு ஒரே உத்தரவில் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தது. மாற்று எரு எங்கே, அதற்கு மாடு எங்கே என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஆண்டு நவம்பரிலேயே தடை விலக்கப்பட்டது. அதற்குள் சிறு தேயிலைச் செய்கையாளர்களின் கொழுந்து குறைந்துவிட்டது. சப்ரகமுவவின் சிறு நிலக்காரர்கள் பலர் அதன் பிறகு இயற்கை விவசாயம் என்ற சொல்லையே சந்தேகத்தோடு கேட்கிறார்கள். ஹவார்டை அந்த உத்தரவின் முன்னோடி என்று எவராவது சொன்னால் நான் மறுப்பேன். உழவனின் கையில் முதலில் செய்து காட்டாத ஒன்றைச் சட்டமாக்குவதைத்தான் அவர் பார்படோஸ் காலத்திலிருந்தே எதிர்த்தார்.

ஆனால் அவரிடமும் பதில் இல்லாத ஒரு கேள்வி நம்முடையது. அவர் பார்த்த வட இந்திய உழவன், குத்தகைக்காரனாக இருந்தாலும், தன் வயலில் எதை எதோடு விதைப்பது என்று தானே தீர்மானித்தான். அவர் பார்த்த தேயிலைத் தோட்டத்தில் அந்தத் தீர்மானம் துரையுடையது. இன்று இலங்கையின் தேயிலையில் 70 வீதத்துக்கும் அதிகமானதைச் சிறு நிலக்காரர்கள்தான் தருகிறார்கள். இரத்தினபுரி அதில் முன்னணி மாவட்டம். அந்தச் சிறு நிலக்காரர் பட்டியலில் மலையகத் தமிழர் மிகச் சிலர். 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் கை மாறியபோது, அதே மண்ணில் நூறு வருடம் உழைத்த குடும்பங்களுக்குத் துண்டு நிலம் கிடைக்கவில்லை. கேகாலைப் பக்கம் பலர் வேலையும் இழந்தார்கள். 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் பட்டினிச் சாவுகள் நடந்தன. அந்தக் காலத்தைத் தாண்டியவர்கள் லயத்துக்குப் பின்னால் நட்ட மரவள்ளியையும் கீரையையும் பற்றி இன்றும் பேசுவார்கள். அதுவும் கலப்புப் பயிர்தான், பயிற்சி இல்லாமல் செய்தது. பின்னர் வீடு கட்டக் கொடுக்கப்பட்டது 7 பேர்ச்சஸ். ஓர் ஏக்கரில் 160 பேர்ச்சஸ் உண்டு.

சில மாதங்களுக்கு முன்பு இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டம் ஒன்றில் நடந்த பயிற்சியில் நானும் உட்கார்ந்திருந்தேன். பயிற்சி நன்றாகவே இருந்தது. சரிவில் கிளிரிசீடியா, அதில் மிளகு, இடையில் இஞ்சி, ஓரத்தில் வாழை என்று வரைந்து காட்டினார்கள். மிளகு நல்ல விளைச்சல் தர மூன்று நான்கு வருடம் ஆகும், அதுவரை இஞ்சியும் வாழையும் கைச்செலவுக்கு உதவும் என்றார் பயிற்றுநர். ஹவார்ட் பார்த்த சோளமும் துவரையும் அப்படியே. முன்வரிசையில் இருந்த, கொழுந்து எடுக்கும் ஓர் அக்கா எழுந்து, லயத்துக்குப் பின்னால் தான் நட்டிருக்கும் துண்டு தோட்டத்துக்குச் சொந்தம், போன வருடம் பக்கத்து வீட்டுக்காரரின் பாத்தியை எடுத்துவிட்டார்கள், நான்கு வருடத்துக்கு அந்த இடம் தன்னிடம் இருக்கும் என்று யார் எழுதித் தருவார்கள் என்று கேட்டார். பயிற்றுநர் அது தன் திட்டத்துக்குள் வராது என்று உண்மையைச் சொன்னார். அந்த அக்கா மிளகுக் கன்றை வாங்கவில்லை. இஞ்சி விதை மட்டும் ஒரு பை வாங்கிக்கொண்டு போனார்.